பங்குனிக் கடைசியில் கொடிமலைக்கு நடந்து ஏறலாமா? அப்பாவுக்கு 66 வயது

கூலிம் மகள்:

வணக்கம். பினாங்குக் காட்டுப் பாதைகளில் வாரா வாரம் நடப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். சித்திரை பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு குடும்பத்தோடு கொடிமலைக்கு நடந்தே ஏற வேண்டும் என்று ஆசை. மலை ரயிலில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியதெல்லாம் போதும். இந்த முறை காட்டுக்குள் நடந்து, மேலே போய் நின்று ஜார்ஜ்டவுனையும் பாலத்தையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வருவது நான், கணவர், 11 வயது மகன், அப்பா. அப்பாவுக்கு 66. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், இப்போதும் தினமும் காலையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) திடலைச் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தொந்தரவு ஒன்றும் இல்லை. இந்த யோசனையே அவர் சொன்னதுதான். இந்த மாதங்களில் ரப்பர் மரம் இலை கொட்டி முடித்துச் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கும், மலைச் சரிவிலும் அங்கங்கே அப்படித்தான் சிவந்து கிடக்கும், வசந்த காலம் என்று சொல்லி ஜப்பான் வரைக்கும் போகிறார்களே, நமக்கு அது இதுதான் என்கிறார். அவருக்குக் கால் நன்றாக இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

திட்டம் இப்படி: காலை 8 மணிக்குக் கூலிமிலிருந்து கிளம்பி, வழியில் பசியாறிவிட்டு, 9:30 வாக்கில் மூன் கேட் பக்கம் காரை நிறுத்தி ஏறுவது. மதியச் சாப்பாடு மேலே. பிறகு ஜீப் பாதை வழியாக நடந்தே இறங்கி பொட்டானிக் கார்டனுக்கு வந்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வரிசை நீளமாக இருக்கும், இறங்குவது சுலபம்தானே, அதற்கு எதற்கு டிக்கெட் என்கிறார் கணவர். இது சரியாக வருமா? வழி தவறுமா? மழை, அட்டை, குரங்கு எல்லாம் எப்படி? மகனுக்குக் குரங்கு என்றால் ரொம்பப் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை ஓரம்:

தங்கச்சி, இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் சரி. ஒன்று கிளம்பும் நேரம், இன்னொன்று இறங்கும் வழி. இரண்டாவதுதான் முக்கியம், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்து ஏறுங்கள், ரயிலில் இறங்குங்கள். அப்பா வருகிறார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜீப் பாதை காட்டுப் பாதை இல்லை. பொட்டானிக் கார்டன் வாசலிலிருந்து மேலே வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், காலுக்குக் கீழே கடினமான சாலைதான், மண் கிடையாது. மேலே குடியிருப்பவர்களுக்கும் கடைகளுக்கும் சாமான் கொண்டுபோகும் ஜீப்புகளுக்காக இருப்பது, ஆகவே மனிதன் நடக்கிற சரிவா என்று யாரும் யோசித்துப் போட்டதில்லை. சில வளைவுகளில் சும்மா நின்றாலே குதிகால் தரையில் பதியாது. ஏறும்போது மூச்சு வாங்கும், இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது என்பதால் யாரும் நிற்பதே இல்லை, அதுதான் வினை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் எடை மொத்தமும் முட்டியில் வந்து இறங்கும், சப்பாத்துக்குள் பெருவிரல் நுனி போய்ப் போய் இடிக்கும், பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அப்போது உட்காரலாமே தவிர, வேறு வழியாக வீட்டுக்குப் போக முடியாது. காய்ந்த இலை விழுந்து பாசி பிடித்த வளைவில் வழுக்கி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

இப்போது ஏறும் வழி. பொட்டானிக் கார்டன் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாலையோரத்தில் வட்டமாக ஒரு பழைய வளைவு நிற்கும், அதுதான் மூன் கேட். உள்ளே போனதும் படிகள், அப்புறம் மண் பாதை, வேர்கள், பாறை, முழுக்க நிழல். குடும்பமாக நின்று நின்று போனாலும் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் ஐந்தாம் நிலைக்கு வந்துவிடலாம். ஸ்டேஷன் ஃபைவ் என்று கேட்டால் எந்த மொழிக்காரரும் கை காட்டுவார். பல பாதைகள் அங்கே வந்து சேர்கின்றன, வழி தவறுவதென்றால் அங்கேதான் தவறும், மற்ற இடங்களில் தேய்ந்த பாதை தெளிவாகவே தெரியும். அங்கிருந்து 84 என்ற இடத்துக்குப் போகும் பாதையைக் கேட்டுப் பிடியுங்கள். 84 ஜீப் பாதையின் மேல் இருக்கும் இளைப்பாறும் இடம். தொண்டூழியம் செய்பவர்கள் தண்ணீரும் தேத்தூளும் சுமந்து வந்து போகிறவர்களுக்குத் தேநீர் வைப்பார்கள், உண்டியல் இருக்கும், ஏதாவது போட்டுவிட்டுக் குடியுங்கள், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். 84-க்கு மேலே ஜீப் பாதைதான், நல்ல ஏற்றம். ஆனால் ஏற்றம்தானே, மெதுவாக நடந்தால் முடிந்துவிடும். மொத்தத்தில் உங்கள் நாலு பேருக்கு நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே பொழுது விடிவது 7:15-ஐ ஒட்டித்தான். அந்த நேரத்தில் நீங்கள் மூன் கேட்டில் நிற்க வேண்டும். 9:30-க்கு ஆரம்பித்தால் நிழல் இல்லாத கடைசிப் பகுதிக்கு உச்சி வெயிலில் வந்து நிற்பீர்கள், மேலே சாப்பிட்டு முடிக்கும்போது இடி இடிக்க ஆரம்பிக்கும். பருவக்காற்று மாறுகிற மாதங்கள் இவை, காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தாலும் மதியம் 2 மணிக்கு மேல் நம்ப முடியாது. ஆகவே 7:15-க்கு ஏறத் தொடங்கி 11, 11:30-க்குள் மேலே இருந்துவிடுங்கள். ஐந்தாம் நிலைக்கு வரும்போதே மணி 9-ஐத் தாண்டிவிட்டால், அல்லது யாருக்காவது முகம் வெளிறியிருந்தால், அங்கேயே தேநீர் குடித்துவிட்டு மூன் கேட்டுக்கே திரும்பிவிடுங்கள். அந்த இறக்கம் குறைவு, மண் பாதை, முட்டி தாங்கும். அதற்கு மேல் போய்விட்டால் உச்சிதான், ரயில்தான்.

கார் விஷயத்தையும் யோசிக்க வேண்டும். ரயில் இறங்குவது ஆயர் ஈத்தாமில், மூன் கேட் இருப்பது தண்ணீர்மலை பக்கம். காலையில் காரை ஆயர் ஈத்தாம் கீழ் ஸ்டேஷனில் போட்டுவிட்டு மூன் கேட்டுக்குக் கிராப் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். களைத்து இறங்கும்போது கார் பக்கத்திலேயே இருக்கும். கேபிள் கார் கட்டும் வேலை பொட்டானிக் கார்டன் பக்கத்தில் நடப்பதால் பாதையில் தடுப்போ அறிவிப்போ இருந்தால் அதன்படி போங்கள், குறுக்கே நுழைய வேண்டாம்.

மலை ஓட்டம்:

நான் ஜீப் பாதையில் ஓடி இறங்குகிறவன், எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழகிப் பழகி வந்தது. முதல் தடவை வருகிறவருக்கு அண்ணன் சொன்னதுதான் சரி. ரயில் வரிசை நீளம் என்பது ஏறுவதற்குத்தான் அதிகம். மதியத்துக்கு முன்னால் இறங்குகிறவர்கள் குறைவு, மூன்று நாலு மணிக்கு மேல்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். மைகார்டை (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், பையனுக்கு மைகிட். உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் விலை குறைவு.

கடல் காற்று:

எல்லோரும் பாதையைப் பற்றியே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். திடலைச் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பதும் மலை ஏறுவதும் ஒன்றில்லை. திடல் சமதரை. அங்கே நாள் தவறாமல் நடக்கிறவருக்கு மூச்சு இருக்கும், ஆனால் தொடையில் ஏற்றத்துக்கான பலம் இருக்கிறதா என்று நடந்து பார்க்காமல் தெரியாது. கொடிமலை ரயில் ஸ்டேஷன் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். மூன் கேட் கிட்டத்தட்ட அடிவாரம். அவ்வளவையும் ஒரே காலையில் ஏற வேண்டும்.

சகோதரி, நீங்கள் கூலிமில் இருக்கிறீர்கள். பக்கத்திலேயே புக்கிட் மெர்தாஜாம் இருக்கும்போது பாலம் தாண்டி இங்கே வந்து முதல் ஏற்றத்தைச் சோதித்துப் பார்ப்பானேன்? செரோக் தோக் குன் காட்டுப் பூங்காவுக்குப் போங்கள். அந்த மலை 545 மீட்டர். உச்சி வரை போக வேண்டியதே இல்லை, பாதி ஏறிவிட்டுத் திரும்பினாலே அப்பாவின் கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய பெரிய மரங்கள், காலையில் நல்ல குளிர்ச்சி, வீட்டுக்கு 20, 25 நிமிடத்தில் வந்துவிடலாம்.

அங்கே போனால் இன்னொன்றையும் பார்க்காமல் வராதீர்கள். கீழே செயின்ட் அன்னா தேவாலய வளாகத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதில் பல்லவ எழுத்து வகையைச் சேர்ந்த மிகப் பழைய கல்வெட்டு. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்காரர் கண்டு எழுதிவைத்தது. கெடாவில் பழைய துறைமுகம் இருந்த பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கப்பல் வந்து போன காலத்துச் சங்கதி. ஜூலை 26 திருவிழாவுக்கு அந்தத் தேவாலயத்துக்கு எத்தனையோ தமிழர்கள் போகிறார்கள், பாதிப் பேர் அந்தப் பாறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. எழுத்து வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போயிருக்கிறது, காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். பையனை அழைத்துப் போய்க் காட்டுங்கள். தொட வேண்டாம் என்று சொல்லிக் காட்டுங்கள்.

தண்ணீர்மலை ஓரம்:

கடல் காற்று சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், இரண்டு வாரம் முன்னால் அங்கே ஒரு நடை போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதற்காகக் கொடிமலையை விட்டுவிட வேண்டாம். அந்த ஐயா பால் மரம் வெட்டியவர், விடியற்காலை இருட்டில் மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் ஓடியவர். வேர் எங்கே இருக்கும், எங்கே மிதிக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண் பாதையில் தடுமாறப் போவது நாம்தான்.

ஒன்றே ஒன்று, விலை கூடிய புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுவிட வேண்டாம். கம்போங் அடிடாஸ் என்று சொல்வார்களே, கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாக இருக்கும், இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும், தோட்டத்துக்காரர்கள் போடுவது. ஈர மண்ணுக்கும் வேருக்கும் அதைப் போல் பிடி கொடுப்பது எதுவும் இல்லை. ரப்பர் என்பதால் நனைந்தாலும் கவலை இல்லை. மெல்லிய அடி, அதனால் கனமான காலுறை போட வேண்டும், ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஜீப் பாதையில் மட்டும் அது அடிக்கும், பாதம் வலிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் ரயிலில் இறங்கச் சொல்கிறேன்.

வெள்ளை யூனிபோர்ம்:

கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் அப்பாவின் மாத்திரையைப் பற்றி மட்டும். பிரஷர் மாத்திரைகளில் சில வகை சிறுநீர் அதிகம் போக வைக்கும், நீர் மாத்திரை என்று சொல்வோம். வெயிலில் வியர்த்துக்கொண்டு ஏறுகிற நாளில் அது உடம்பில் தண்ணீரையும் உப்பையும் இன்னும் குறைத்துவிடும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அவருடையது எந்த வகை, அன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று போகும் முன் அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், இதைத் தயவு செய்து மறக்க வேண்டாம். மலை ஏறுகிற நாளில் மாத்திரை வேண்டாம் என்று அவர்களாகவே விட்டுவிடுகிற அப்பாக்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், நாலு மணி நேரம் என்றால் இரண்டு லிட்டர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், நிற்கும்போதெல்லாம் இரண்டு வாய். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும், ஓஆர்எஸ் பாக்கெட் ஃபார்மஸியில் கிடைக்கும், ஒன்றைக் கரைத்து எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்குத் தாகமே தாமதமாகத்தான் தெரியும், அதனால் போதுமா அப்பா என்று கேட்டால் போதும் என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், கையில் கொடுங்கள்.

வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு இருக்கிறது. நடந்துகொண்டே அப்பா உங்களோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதென்றால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக வந்தால் அதிகம், நிற்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, பேச்சுக் குழறுவது, கொதிக்கிற உடம்போடு புத்தி தடுமாறுவது, இவற்றில் எது வந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 999. பொம்பாக்காரர்களுக்கு (தீயணைப்பு, மீட்புப் படை) இந்த மலை அத்துப்படி, ஐந்தாம் நிலை, 84 என்று சொன்னாலே வந்துவிடுவார்கள். பள்ளத்தில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், கிளம்பும்போதே பேட்டரி நிறைந்திருக்கட்டும்.

துடுப்புவால் கரிச்சான்:

குரங்குக்குப் பயப்படுகிற பையனுக்காக எழுதுகிறேன், அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, இந்த மலையில் நீ பார்க்கப் போவது இரண்டு வகைக் குரங்கு. ஒன்று பழுப்பு நிறம், நீண்ட வால், தரையில் கூட்டமாக நடக்கும், மலாய்க்காரர்கள் கெரா என்பார்கள். உன் பையைப் பிடுங்குவது அதுதான், ஆனால் அதற்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லை, அதற்கு வேண்டியது பிளாஸ்டிக் பையின் சரசரப்பு. மனிதர்கள் அதில்தான் சாப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். ஆகவே கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், தண்ணீர் பாட்டிலும் பைக்குள்ளே. எதிரே வந்தால் கண்ணுக்கு நேராகப் பார்க்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே, அது சண்டைக்கு அழைப்பது என்று எடுத்துக்கொள்ளும். ஓடாதே. அப்பாவின் பக்கத்தில் நின்று மெதுவாக நட, அது வழி விட்டுவிடும். எதையும் சாப்பிடக் கொடுக்கவே கூடாது, அந்தப் பழக்கம்தான் அவற்றைக் கெடுத்தது.

இன்னொன்று லோத்தோங். கறுப்பும் சாம்பலுமாக இருக்கும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மரத்து உச்சியில் உட்கார்ந்து இலை தின்னும், உன் பக்கமே வராது. அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சாம்பல் நிற அம்மாவின் வயிற்றில் அந்த ஆரஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் நீயே அண்ணாந்து தேட ஆரம்பித்துவிடுவாய்.

இனி பெரியவர்களுக்கு. இந்த மலையும் அதைச் சுற்றியுள்ள காடும் கடலும் சேர்த்து 12,481 ஹெக்டேரை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, மலேசியாவில் இது மூன்றாவது. நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் தூரத்தில் இப்படி ஒரு காடு இருப்பது சாதாரண விஷயம் இல்லை, எந்தப் பாதையில் போனாலும் அதை மனதில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பங்குனி, சித்திரையில் சரிவைத் தூரத்திலிருந்து பார்த்தால் உங்கள் அப்பா சொன்னது போலவேதான் இருக்கும், இளஞ்சிவப்பு, செம்பு, மஞ்சள் கலந்த பச்சை என்று ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நிறத்தில் துளிர்க்கும். அது பூ இல்லை, இலை. வெயிலும் பூச்சியும் தாக்காமல் இருக்க இளம் இலையில் அந்தச் சிவப்பு இருக்கிறது, முற்றியதும் பச்சையாகிவிடும்.

பாதையில் கவனிக்க வேண்டியது பிரம்பு. அதன் நுனியில் சாட்டை மாதிரி ஒரு கொடி தொங்கும், அதில் பூனை நகம் போலப் பின்பக்கம் வளைந்த முள். சட்டையிலோ காதிலோ மாட்டினால் முன்னால் இழுக்கக் கூடாது, இன்னும் ஆழமாகப் போகும். ஒரு அடி பின்னால் வந்தால் அதுவே விட்டுவிடும். கையைப் பிடிமானத்துக்கு எங்கே வைத்தாலும் முதலில் பார்த்துவிட்டு வையுங்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் அசையாமல் சுருண்டு கிடக்குமே பச்சைக் குழிவிரியன், அதன் சொந்த வீடு இந்த மாதிரிக் காடுதான். நீங்கள் தொடாத வரை அது நகரக்கூட நகராது. அட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஒன்றிரண்டு இருக்கும், காய்ந்த நாட்களில் பெரும்பாலும் இருக்காது, காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிட்டால் போதும்.

மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு கனத்த மழை என்றால் போக வேண்டாம், வேறு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். 2017 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இந்த மலையில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்து, ஜீப் பாதையே போக்குவரத்துக்கு மூடிக் கிடந்தது. ஏப்ரல் மழை அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் செங்குத்தான சரிவு, மேல் மண் தளர்ந்தது, அதோடு பழைய மரக்கிளைகள். இடி கேட்டால் திறந்த வளைவுகளிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் கூரையுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

கூலிம் மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், செரோக் தோக் குன் கல்வெட்டைக் கேட்டதும் வரும் ஞாயிறே போகலாம் என்கிறார். கணவரும் ரயிலுக்குச் சம்மதித்துவிட்டார். மகன் லோத்தோங் குட்டியின் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், குரங்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வர மாட்டேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டான்.

முடிவு இதுதான். வரும் ஞாயிறு புக்கிட் மெர்தாஜாமில் பாதி ஏற்றம். அப்பா மறுநாள் வலி இல்லாமல் திடலுக்குப் போனால் கொடிமலை. கூலிமிலிருந்து 5:45-க்குக் கிளம்பி காரை ஆயர் ஈத்தாமில் விட்டுவிட்டு மூன் கேட்டுக்கு வருகிறோம். மாத்திரை பற்றி இந்த வாரமே டாக்டரிடம் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். அவ்வளவு காலையில் பசியாறுவது எப்படி? மேலே முருகன் கோயில் இருக்கிறதாமே, அப்பா அங்கே போக வேண்டும் என்கிறார், ஸ்டேஷனிலிருந்து தூரமா? அப்புறம் பாலம் தெளிவாகத் தெரிகிற இடம் எது?

தண்ணீர்மலை ஓரம்:

பசியாற வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். இட்லியோ, நாசி லெமாக் பொட்டலமோ, எது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. கிளம்பும் முன் கொஞ்சம், ஐந்தாம் நிலையில் கொஞ்சம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்தப் படிகளில் ஏற முடியாது. பொட்டலக் காகிதத்தைத் திரும்பப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள், குரங்கு அதையும் கிளறும்.

கோயில் தூரமில்லை. அருளொளி திருமுருகன் கோயில், மேல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் மேடேற வேண்டும். பக்கத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது. ரயில் 1923-இல் ஓடத் தொடங்குவதற்கு முன்பு துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும்தான் இந்த மலைக்கு வந்தார்கள், டோலியைத் தோளில் தூக்கி ஏறியவர்களில் நம்மைப் போன்ற இந்தியர்களும் உண்டு. அப்பா முருகனைக் கும்பிட்டு முடித்ததும் மகனுக்கு இதைச் சொல்லச் சொல்லுங்கள், தாத்தா சொன்னால் பேரன் கேட்பான். வியர்த்துப் போயிருப்பீர்கள், மாற்றுச் சட்டை ஒன்று ஆளுக்கு எடுத்துக்கொண்டால் கோயிலுக்கும் நல்லது, குளிருக்கும் நல்லது. மேலே கீழைவிட நாலைந்து டிகிரி குறைவு, வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது.

பாலத்துக்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். மேல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கிழக்குப் பக்கம் பார்க்கும் திறந்த இடங்கள் இருக்கின்றன. கீழே ஜார்ஜ்டவுன் கூரைகள், கொம்தார் கோபுரம், அதற்கு அந்தப் பக்கம் கடல், வலப்புறம் 1985-இல் திறந்த முதல் பாலம். தெற்கே இன்னும் தள்ளி இரண்டாவது பாலம் நீளமாகக் கோடு போட்ட மாதிரி போகும், அது தெரிய வானம் சுத்தமாக இருக்க வேண்டும். இடப்புறம் வடக்கே நிற்கும் பெரிய மலை கெடாவின் ஜெராய், 1,217 மீட்டர். இந்த மாதங்களில் நேரம் ஆக ஆகப் புகைமூட்டமாக ஒரு வெளிர்ப்பு வந்து ஜெராயை மறைத்துவிடும். காலையில் சீக்கிரம் ஏறச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று தெரியாது, கெடாவின் தெற்குப் பக்கம் என்றால் ஜெராயை வைத்துத் திசை பிடித்து இந்தப் பக்கம்தான் இருந்தது என்று அவரே கை காட்டிவிடுவார்.

கூலிம் மகள்:

பீடோங் பக்கம் அண்ணா. ஜெராய் அடிவாரமேதான். சொல்லிவிட்டேன், 5:45 என்பதை 5:30 ஆக்கச் சொல்கிறார்.

வெள்ளை யூனிபோர்ம்:

அப்படியென்றால் முதல் நாள் இரவு 10 மணிக்குள் அவரைப் படுக்க வையுங்கள் அக்கா. புக்கிட் மெர்தாஜாம் போய்விட்டு வந்ததும் முட்டி எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், வீக்கம் இருந்தால் கொடிமலையை இரண்டு வாரம் தள்ளிப் போடலாம்.